வாட்டர் ஹீட்டர் வாங்கப் போறீங்களா? சங்கரன்கோவில் வீட்டுக்கு எது போதும்... எதில் ஆபத்து?

ஐப்பசி மழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் சங்கரன்கோவில் பக்கம் காலைப் பனி இறங்கத் தொடங்கிவிடும். விடிவதற்கு முன்பே பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறவர்கள், மார்கழியில் அதிகாலையிலேயே சங்கரநாராயணர் கோவிலுக்குப் போகிறவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீடுகள், மூட்டு வலியோடு இருக்கும் பெரியவர்கள் என எல்லோருக்கும் அந்த நேரத்தில் தேவைப்படுவது ஒரு வாளி வெந்நீர்.

முன்பெல்லாம் புழக்கடையில் வெந்நீர் அடுப்போ செம்பு பாய்லரோ இருக்கும். இப்போது அந்த இடத்துக்கு ஹீட்டர் வந்துவிட்டது. கடைக்குப் போனால் ராடு, 3 லிட்டர் இன்ஸ்டன்ட், 15 லிட்டர், 25 லிட்டர், கேஸ் கீசர், சோலார் என்று வரிசையாகக் காட்டுகிறார்கள். "எதை வாங்கினா கரண்ட் பில் எகிறாது?" என்பதுதான் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கிறது. "எதை, எப்படி மாட்டினா உயிருக்கு ஆபத்து இல்லை?"

இரண்டு கேள்விக்கும் பதிலை இங்கே பார்க்கலாம்.

முதல் கணக்கு: எத்தனை டிகிரி சூடு வேண்டும்?

ஹீட்டர் வாங்கும்போது பலரும் லிட்டரைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஊர்த் தண்ணீரை எத்தனை டிகிரி சூடாக்க வேண்டும் என்பதை.

குளிப்பதற்கு 40 டிகிரி செல்சியஸ் தண்ணீர் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போனால் உடம்பு தாங்காது, பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டியிருக்கும். சங்கரன்கோவில் போன்ற சமவெளி ஊரில் மார்கழிக் காலையில் டேங்க் தண்ணீர் 25 டிகிரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நீங்கள் ஏற்ற வேண்டியது வெறும் 15 டிகிரி. அதுவே கொடைக்கானலில் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி இருந்தால், 28 டிகிரி ஏற்ற வேண்டும்.

இதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடலாம். தண்ணீரின் லிட்டரை, ஏற்ற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் வருவதுதான் யூனிட்.

20 லிட்டர் வாளிக்கு சங்கரன்கோவிலில்: 20 x 15 = 300. அதை 860-ஆல் வகுத்தால் சுமார் 0.35 யூனிட்.

அதே வாளிக்குக் கொடைக்கானலில்: 20 x 28 = 560. வகுத்தால் சுமார் 0.65 யூனிட்.

அதாவது மலை ஊரில் ஒரு வாளிக்கு ஆகும் மின்சாரத்தில், இங்கே கிட்டத்தட்ட இரண்டு வாளி வெந்நீர் போட்டுவிடலாம். மலை ஊருக்குத் தேவைப்படும் பெரிய ஹீட்டர் இங்கே தேவையில்லை என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

கரண்ட் பில் எவ்வளவு வரும்?

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு ஒரு வாளி என்றால், ஒரு நாளைக்கு 1.4 யூனிட். இரண்டு மாத பில்லில் 60 நாளைக்கு 84 யூனிட். ஒரு யூனிட் 5 ரூபாய் என்று தோராயமாக வைத்தாலும் 420 ரூபாய்தான் கூடும். குளிர் காலத்தில் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக்கு வருஷத்தில் ஒன்றிரண்டு பில்லில்தான் இந்தச் செலவு தெரியும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். அதற்குப் பிறகு பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் கணிசமாக உயர்ந்துவிடும். எனவே ஏற்கெனவே 430, 450 யூனிட் வரும் வீட்டில் ஹீட்டர் சேரும்போது, மொத்தம் 500-ஐத் தாண்டுகிறதா என்று பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே ஒரு உண்மையைக் கவனிக்க வேண்டும். ராடு, இன்ஸ்டன்ட், ஸ்டோரேஜ் மூன்றுமே மின்சாரத்தைச் சூடாக மாற்றுவதில் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாளிக்கு ஆகும் அந்த 0.35 யூனிட் எதிலும் பெரிதாக மாறாது. சூடாக்கிய தண்ணீரை உபயோகிக்காமல் வீணாக்கும்போதுதான் பில் ஏறுகிறது. சரி, ஒவ்வொரு வகையாகப் பார்க்கலாம்.

ஹீட்டர் ராடு: விலை குறைவு, கவனம் அதிகம்

சில நூறு ரூபாயில் கிடைக்கும். பொருத்துவதற்கு ஆள் வேண்டாம். வாடகை வீட்டுக்கும் தனியாக இருப்பவர்களுக்கும் வசதி. 1500 வாட் ராடு ஒரு வாளியை 14 நிமிடத்திலும், 1000 வாட் ராடு 21 நிமிடத்திலும் குளிக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்துவிடும். தேவையான அளவு மட்டுமே சூடாக்குவதால் வீணும் இல்லை.

ஆபத்து எங்கே என்றால், இதில் மின்சாரம் பாயும் கம்பி நேரடியாகத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. மேலே இருக்கும் உலோக உறையில் சின்ன விரிசல் விட்டாலும் தண்ணீர் முழுக்க கரண்ட் பாய வாய்ப்புண்டு. "சூடாயிடுச்சான்னு விரலை விட்டுப் பார்த்தேன்" என்பதில்தான் பல விபத்துகள் நடக்கின்றன.

ராடு வைத்திருப்பவர்கள் மறக்கக் கூடாதவை:

- ராடைத் தண்ணீருக்குள் போட்ட பிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும். எடுப்பதற்கு முன்பு சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்ச் மட்டும் போதாது.
- சுவிட்ச் ஆன் ஆகியிருக்கும்போது தண்ணீரைத் தொட்டுப் பார்க்கவே கூடாது.
- இரும்பு, எவர்சில்வர், அலுமினிய வாளி வேண்டாம். கனமான பிளாஸ்டிக் வாளி போதும். ராடு வாளியின் பக்கத்தில் உரசாமல் நடுவில் தொங்க வேண்டும்.
- ராடில் குறித்திருக்கும் கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கக் கூடாது.
- போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கவே கூடாது.
- ராடில் வெள்ளைப் படிவம், விரிசல், துரு தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதை ரிப்பேர் செய்வதைவிடப் புதிது வாங்குவதுதான் பாதுகாப்பு.

இன்ஸ்டன்ட் ஹீட்டர்: சமவெளி ஊருக்குப் பொருத்தம்

இதில் 1 லிட்டரிலிருந்து 5 லிட்டருக்குள் சின்ன டேங்க்தான் இருக்கும். பெரும்பாலும் 3000 வாட் காயில். குழாயைத் திறந்ததும் தண்ணீர் சூடாகிக்கொண்டே வரும்.

"3 லிட்டர்தானே, எப்படிப் பத்தும்?" என்று பலர் கேட்பதுண்டு. அந்த 3 லிட்டர் தொட்டியின் அளவு மட்டும்தான். 3000 வாட் ஹீட்டரால் 15 டிகிரி ஏற்றும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2.9 லிட்டர் வெந்நீர் தர முடியும். 20 லிட்டர் வாளி 7 நிமிடத்தில் நிறையும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே பிடிக்கலாம். கொடைக்கானல் கணக்குப்படி 28 டிகிரி ஏற்ற வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 1.5 லிட்டர்தான் கிடைக்கும். அங்கே இன்ஸ்டன்ட் சரிப்படாது, இங்கே சரிப்படும்.

தண்ணீர் போதுமான சூட்டில் வரவில்லை என்றால் ஹீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். குழாயைக் கொஞ்சம் குறைத்துத் திறந்தாலே சூடு கூடிவிடும்.

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 3000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ஃபேன், லைட்டுக்குப் போடும் 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் இதை மாட்டவே கூடாது. 16 ஆம்பியர் பாயின்ட்டும், மெயின் போர்டிலிருந்து தனியாக வரும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும்.

இரண்டாவது, வோல்டேஜ். 230 வோல்ட்டுக்குப் பதிலாக 190 வோல்ட் வந்தால், 3000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 2050 வாட்தான் தரும். 7 நிமிடத்தில் நிறைய வேண்டிய வாளிக்கு 10 நிமிடம் ஆகும். காலையில் லோ வோல்டேஜ் இருக்கும் தெருவில் ஹீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

விசைத்தறி இருக்கும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு: தறிக்கென்று சலுகைக் கட்டணத்தில் கொடுக்கப்பட்ட இணைப்பில் வீட்டு ஹீட்டரை மாட்டக் கூடாது. அந்த இணைப்பு தறிக்கு மட்டும்தான். ஹீட்டர் வீட்டு இணைப்பில்தான் இருக்க வேண்டும்.

ஸ்டோரேஜ் ஹீட்டர்: 25 லிட்டர் வேண்டுமா, 15 போதுமா?

சுவரில் தொங்கும் பெரிய உருளை அல்லது பெட்டிதான் இது. 2000 வாட் காயில் இருக்கும் 15 லிட்டர் ஹீட்டர், 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 18 நிமிடம் எடுக்கும். ஆனால் 60 டிகிரித் தண்ணீரை யாரும் அப்படியே ஊற்றிக்கொள்ள முடியாது. பச்சைத் தண்ணீர் கலந்தால் கணக்குப்படி 35 லிட்டர் வரை 40 டிகிரித் தண்ணீராகும். நடைமுறையில் 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றரை வாளி.

ஒரு வாளி எடுத்த பிறகு அடுத்த வாளிக்கான சூடு ஏற 10 முதல் 11 நிமிடம் போதும். ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அது ஆகிவிடும். எனவே வாளியில் பிடித்துக் குளிக்கும் நான்கு பேர் வீட்டுக்கு 15 லிட்டர் போதும். ஷவரில் நின்று குளிப்பவர்கள், இரண்டு பாத்ரூமுக்கு ஒரே ஹீட்டர் வைப்பவர்கள் மட்டும் 25 லிட்டரை யோசிக்கலாம்.

ஸ்டோரேஜ் ஹீட்டரில்தான் ஸ்டார் ரேட்டிங் முக்கியம். இந்த ஸ்டார் எதைச் சொல்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம். தண்ணீரை எவ்வளவு வேகமாகச் சூடாக்குகிறது என்பதற்கான மதிப்பெண் அல்ல இது. சூடான தண்ணீர் டேங்கில் சும்மா இருக்கும்போது 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு வெளியே போய் வீணாகிறது என்பதை வைத்துத்தான் ஸ்டார் தரப்படுகிறது. ஒரே லிட்டர் அளவுள்ள ஹீட்டர்களுக்குள் மட்டும் ஒப்பிட வேண்டும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். குளிக்கும் முன் 20 நிமிடம் மட்டும் போட்டு, முடிந்ததும் அணைத்துவிடும் வீட்டுக்கு 5 ஸ்டாரால் வரும் லாபம் குறைவு. "அது பாட்டுக்குக் கிடக்கட்டும்" என்று நாள் முழுக்க ஆனில் விடும் வீட்டுக்குத்தான் லாபம் அதிகம். ஆனால் அணைக்கும் பழக்கம் வந்துவிட்டால் அந்த லாபம் காசு கொடுக்காமலே கிடைக்கும்.

"8 பார் பிரஷர்" என்று சொல்லி விலை கூட்டினால் உங்கள் வீட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மாடியில் இருக்கும் டேங்க் ஹீட்டரை விட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தமே வரும். ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டில் அதைவிடக் குறைவு. 8 பார் என்பது பல மாடி அடுக்குமாடிக் குடியிருப்புக்கும், பிரஷர் பம்ப் வைத்த வீட்டுக்கும்தான் தேவை.

அழுத்தம் கூடினால் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் சேஃப்டி வால்வு மட்டும் எந்த ஸ்டோரேஜ் ஹீட்டரிலும் இருந்தே ஆக வேண்டும். அதிலிருந்து எப்போதாவது சொட்டுகிறதே என்று துணியையோ மூடியையோ வைத்து அடைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் கூடி டேங்க் வெடிப்பதைத் தடுப்பதே அந்த வால்வுதான்.

கேஸ் கீசர்: பாத்ரூமுக்குள் வேண்டவே வேண்டாம்

கரண்ட் போனாலும் வெந்நீர் கிடைக்கும், வாளி சீக்கிரம் நிறையும் என்று கேஸ் கீசரை வாங்குகிறார்கள். ஒரு வாளிக்கு ஏறக்குறைய 34 கிராம் கேஸ் ஆகும். 14.2 கிலோ சிலிண்டரில் 400 வாளி வரும். அன்றைய சிலிண்டர் விலையை 400-ஆல் வகுத்தால் ஒரு வாளியின் செலவு தெரிந்துவிடும். கரண்டைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இருக்காது. மாடி டேங்க் உயரம் குறைவாக இருந்து அழுத்தம் போதாமல் போனால் கீசர் பற்றாமலும் அடம் பிடிக்கும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை காற்று. 1 கிலோ கேஸ் முழுமையாக எரிய 15 கிலோவுக்கு மேல் காற்று வேண்டும். அதாவது ஏறக்குறைய 13 கனமீட்டர். 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரம் இருக்கும் ஒரு பாத்ரூமில் மொத்தமாக இருப்பதே 8 கனமீட்டர் காற்றுதான். கதவை அடைத்து, குளிருக்காக ஜன்னலையும் சாத்திவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஆக்சிஜன் குறையத் தொடங்கும். அப்போது கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும்.

அந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. கேஸ் கசிந்தால் வரும் நாற்றம் இதில் வராது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பிறகு கை கால் அசைக்க முடியாத சோர்வு. ஏதோ நடக்கிறது என்று புரிந்து கதவைத் திறக்க நினைப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். இந்தியாவின் பல நகரங்களில் குளிக்கப் போனவர்கள் இப்படி உயிரிழந்த செய்திகள் குளிர் காலம்தோறும் வருவதற்கு இதுதான் காரணம்.

கேஸ் கீசர்தான் வேண்டும் என்றால், கீசரையும் சிலிண்டரையும் பாத்ரூமுக்கு வெளியே, காற்று நன்றாகப் புழங்கும் இடத்தில் வைத்து, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுபோக வேண்டும். "எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே, உள்ளேயே மாட்டிக்கலாம்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கரண்ட் போனால் ஃபேன் நின்றுவிடும், கீசர் நிற்காது.

விறகு பாய்லருக்கும், கரி அடுப்புக்கும் இதே விதிதான். திறந்த புழக்கடையில் எரித்தால் சரி. மூடிய அறைக்குள் கொண்டுவந்தால் அதுவும் அதே விஷ வாயுவைத்தான் தரும்.

சோலார்: வெயில் ஊருக்கு நல்லதுதான், ஆனால்...

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே இருக்கும் சங்கரன்கோவிலுக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. சித்திரை, வைகாசியில் மாடியில் இருக்கும் கறுப்பு டேங்க் தண்ணீரே மதியம் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அந்த வெயிலை வைத்தே வருஷம் முழுக்க வெந்நீர் எடுக்கலாம் என்பதுதான் சோலார் ஹீட்டரின் பலம். நான்கு பேர் வீட்டுக்கு 100 லிட்டர் போதும்.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, வெந்நீர் அதிகம் தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வானமும் மூடியிருக்கும். அந்த நாட்களுக்கு உள்ளே ஒரு மின்சாரக் காயிலோ, கையில் ஒரு மாற்று ஏற்பாடோ வேண்டும். இரண்டாவது, சொந்த வீடும், தெற்குப் பக்கம் நிழல் விழாத மாடியும் வேண்டும். தண்ணீர் மட்டுமே 100 கிலோ எடை. ஓட்டு வீட்டுக்கும் ஷீட் கூரைக்கும் இது சரிப்படாது. மூன்றாவது, மாடியிலிருந்து பாத்ரூம் வரை குழாய் நீளமாக இருந்தால், வெந்நீர் வருவதற்கு முன்பு குழாயில் கிடக்கும் பச்சைத் தண்ணீர் தினமும் வீணாகும்.

வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் மட்டும் வெந்நீர் தேடும் வீட்டுக்கு சோலாரில் போட்ட பணம் திரும்பி வர வெகு காலம் ஆகும். பெரியவர்கள், குழந்தைகள் இருந்து வருஷம் முழுக்க வெந்நீர் தேவைப்படும் வீட்டுக்கும், லாட்ஜ், விடுதி போன்ற இடங்களுக்கும்தான் இது லாபம்.

உப்புத் தண்ணீர் என்றால் கூடுதல் கவனம்

போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா? அதே படிவம்தான் ஹீட்டர் காயிலின் மேலும் படியும். படிவம் தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் காயிலிலேயே நின்று, கடைசியில் காயில் எரிந்துவிடும்.

தண்ணீரின் சூடு கூடக்கூடப் படிவமும் வேகமாக ஏறும். அதனால் தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருகி வைக்க வேண்டாம். 60 டிகிரியில் வைத்தால் போதும். அந்த 60 டிகிரித் தண்ணீரே சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எப்போதும் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து, பிறகு வெந்நீரைக் கலக்குங்கள்.

ஸ்டோரேஜ் ஹீட்டருக்குள் ஆனோடு ராடு என்று ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். டேங்கை அரிக்க வேண்டிய துரு, டேங்குக்குப் பதிலாக இந்தக் கம்பியை அரிக்கும். உப்புத் தண்ணீரில் இது சீக்கிரம் கரைந்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லி, தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டால் டேங்க் பல வருஷம் வரும். டேங்குக்கு வாரன்டி எத்தனை வருஷம், காயிலுக்கு எத்தனை வருஷம் என்று கடையில் தனித்தனியாகக் கேளுங்கள். சோலார் வாங்கினாலும், உப்புத் தண்ணீருக்கு மெல்லிய செம்புக் குழாய் வைத்த தட்டை மாடலைவிடக் கண்ணாடிக் குழாய் மாடல் நல்லது. அதில் அடைப்பு குறைவு.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்: எர்த், ஆர்சிசிபி

"எங்க வீட்டுல எம்சிபி இருக்கு, ஷாக் அடிச்சா அது விழுந்துடும்" என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு.

எம்சிபி காப்பாற்றுவது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி, 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். மனித உடம்புக்குள் 0.03 ஆம்பியரைத் தாண்டிப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. இரண்டுக்கும் 500 மடங்குக்கு மேல் வித்தியாசம். உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் பாய்ந்துகொண்டிருக்கும்போது, எம்சிபிக்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான் தெரியும். அது அசையாது.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. சிலர் இதை ஈஎல்சிபி என்றும் சொல்வார்கள். உள்ளே போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமாக இருக்கிறதா என்று இது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது 0.03 ஆம்பியர் வழிதவறிப் போனாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். அதன் மேல் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழுந்தால் சரியாக இருக்கிறது. விழவில்லை என்றால் மாற்ற வேண்டும்.

அடுத்தது எர்த். பிளக்கில் இருக்கும் மூன்றாவது தடிமனான பின் அலங்காரத்துக்கு இல்லை. ஹீட்டரின் உடம்பில் கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் கொண்டுபோவது அதுதான். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயின்ட் இருக்கும், பின்னால் எர்த் ஒயரே வந்திருக்காது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். எர்த் குழி வறண்டுபோனால் அதன் பலனும் குறையும். கோடையில் மண் காய்ந்து வெடிக்கும் நம் பக்கத்தில் அவ்வப்போது குழியில் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருப்பது அவசியம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஹீட்டர் வாங்கும் முன், எர்த்தும் ஆர்சிசிபியும் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், அவற்றைப் போடும் வரை ஹீட்டர் வேண்டாம்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். முத்திரையோடு இருக்கும் தர எண் வகைக்கு வகை மாறும். ஹீட்டர் ராடுக்கு ஐஎஸ் 368, ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு ஐஎஸ் 2082, இன்ஸ்டன்ட்டுக்கு ஐஎஸ் 8978, கேஸ் கீசருக்கு ஐஎஸ் 15558. முத்திரையின் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால், அது உண்மையானதா என்று மொபைலிலேயே தெரிந்துவிடும். திருவிழாக் கடையிலும் பிளாட்பாரத்திலும் விற்கும் முத்திரை இல்லாத ராடுகளைத் தவிர்த்துவிடுங்கள்.

யாருக்கு எது?

- தனி ஆள், வாடகை அறை: ஐஎஸ்ஐ ராடு போதும். ஆனால் எர்த் உள்ள பிளக்கும், மேலே சொன்ன கவனமும் வேண்டும்.
- மூன்று நான்கு பேர், வாளியில் குளிப்பவர்கள்: 3000 வாட் இன்ஸ்டன்ட். குழந்தைகள் இருந்தால் ராடைவிட இது பல மடங்கு பாதுகாப்பு.
- காலையில் லோ வோல்டேஜ் இருக்கும் தெரு, ஷவர் குளியல்: 15 லிட்டர் ஸ்டோரேஜ். கொஞ்சம் முன்னதாகப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.
- சொந்த வீடு, வருஷம் முழுக்க வெந்நீர்: 100 லிட்டர் சோலார், மழை நாளுக்கு ஒரு மாற்று ஏற்பாடு.
- கேஸ் கீசர்: பாத்ரூமுக்கு வெளியே மாட்ட இடம் இருந்தால் மட்டும்.

அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் குளிக்கணுமா? எர்த்தும் ஆர்சிசிபியும் சரியாக இருந்தால் அவசியமில்லை. ஆனால் இரண்டும் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாத வீட்டில், வாளியைப் பிடித்து, சுவிட்சை அணைத்துவிட்டுக் குளிப்பதே நல்லது.

குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது, பரவாயில்லையா? பரவாயில்லை இல்லை. அது கசிவின் அறிகுறி. மெயினை அணைத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை ஹீட்டரைத் தொடாதீர்கள்.

ஸ்டோரேஜ் ஹீட்டரைப் பல மாதம் கழித்துப் போடலாமா? போடலாம். முதலில் பழைய தண்ணீரை முழுவதும் வெளியேற்றி, டேங்க் நிறைந்து குழாயில் தண்ணீர் தடையில்லாமல் வந்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் சூடானால் காயில் எரிந்துவிடும்.

விபத்து நடந்தால் முதலில் என்ன செய்வது?

ஷாக் அடித்தவரை நேரடியாகத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்குங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு கிட்டே போகாதீர்கள். பிறகு 108-க்கு அழையுங்கள். மூச்சு இல்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும் வரை மார்பின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்தி முதலுதவி செய்ய வேண்டும்.

கேஸ் கீசர் ஓடும்போது உள்ளே இருப்பவரிடமிருந்து பதில் வரவில்லை என்றால், காத்திருக்காமல் கேஸை அணைத்து, கதவை உடைத்தாவது திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவாருங்கள். நீங்களும் உள்ளே நீண்ட நேரம் நிற்காதீர்கள். மயக்கம் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் போக வேண்டும்.

சமையல் கேஸ் கசிவுக்கு 1906 என்ற எண்ணிலும், மின்சாரம் தொடர்பான புகாருக்கு மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-லும் அழைக்கலாம்.

மொத்தத்தில், நம் ஊர் வெப்பநிலைக்குச் சின்ன ஹீட்டரே போதும். 25 லிட்டருக்குப் பதில் 3 லிட்டரோ 15 லிட்டரோ வாங்கும்போது மிச்சமாகும் பணத்தில் ஒரு ஆர்சிசிபி வாங்கி, எர்த்தையும் சரிபார்த்துவிடலாம். புது ஹீட்டரை மாட்ட வரும் எலக்ட்ரீஷியனிடம் இந்த வேலையை முதலில் முடிக்கச் சொல்லுங்கள்; ஹீட்டரை அதற்குப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.